கடாரத்துக்காரங்க பெரிய கோயிலுக்குப் போய் வந்த கதையும், ஞாயிறு கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோளும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. வர்ற ஞாயிறு காலையில் சிறப்புப் பொதுக்கூட்டம் இருக்கு. அதுக்கு முன்னாடி படிச்சிட்டு வந்தா நல்லது. ஓட்டுப் போடப் போறது நீங்கதான்.

விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயிலை இடிச்சிட்டு, அதே இடத்துல ஐந்து நிலை ராஜகோபுரத்தோட புதுக் கோயில் கட்டணும்னு தீர்மானம். மதிப்பீடு ஆறு லட்சம் வெள்ளி. அந்தத் தீர்மானத்தை ஆதரிச்சு முதல்ல கையெழுத்துப் போட்டவங்க யாரு? தொண்டர் குழுவான நாங்களேதான். அதை மறைக்க விரும்பல. இப்போ நாங்க கையெழுத்தை வாபஸ் வாங்குறோம். ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

போன ஐப்பசியில் நாங்க பதினாலு பேர் தமிழ்நாட்டுக்கு யாத்திரை போனோம். ரொம்ப நாள் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு. எங்கள்ல பாதிப் பேர் பேக்டரி ஆளுங்க. லீவு கிடைக்கவே மூணு மாசம் கெஞ்சணும். கூட வந்தவங்கள்ல மூத்தவர் நம்ம பெரியம்மா. நாற்பது வருஷம் பால் வெட்டினவர். பாஸ்போர்ட் எடுத்ததே இதுதான் முதல் தடவை. திருச்சியில் இறங்கி, வேன் பிடிச்சு, தஞ்சாவூர் போய்ச் சேரும்போது ராத்திரி ஆயிடுச்சு. நல்ல மழை.

மறுநாள் காலையில ஆறு மணிக்கே பெரிய கோயில் வாசல்ல நின்னோம். படத்துல பார்த்தது வேற, நேர்ல நிக்கிறது வேற. 200 அடிக்கு மேல உயரம், 13 நிலை, எல்லாம் கருங்கல். தஞ்சாவூரைச் சுத்தி வயல்தான் இருக்கு, பாறையைக் காணோம். அத்தனை கல்லும் வெளியூர்லேர்ந்து வந்தது. ராஜராஜ சோழன் தன்னோட 25-ஆவது ஆட்சி ஆண்டுல, அதாவது 1010-ல, 275-ஆவது நாள் விமானத்து உச்சியில வைக்கச் செப்புக் கலசம் கொடுத்தான்னு கல்வெட்டு இருக்கு. ஆண்டு மட்டுமில்ல, நாள் கணக்கே இருக்கு. நம்ம கோயில்ல போன வருஷம் மணி யார் வாங்கிக் கொடுத்தாங்கன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பேர் சொல்றோம்.

(கோபுர நிழல் தரையில விழாதுன்னு வாட்ஸ்அப்ல வருதே, அதை நாங்களும் பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கோம். ரெண்டாவது நாள் வெயில் அடிச்சப்போ பார்த்தோம். நல்லா விழுது. இனிமே அனுப்பாதீங்க.)

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிடறோம். உள்ளே நுழைஞ்ச உடனே எங்க ஆளுங்க நாலு பேர் போனை எடுத்து நந்திக்கு முதுகைக் காட்டிக்கிட்டு லைவ் போட ஆரம்பிச்சிட்டாங்க. "கெடா மக்களே வணக்கம்"னு சத்தம். பக்கத்துல ஒரு பெரியவர், உள்ளூர்க்காரர், ஈர வேட்டியோட நின்னுக்கிட்டிருந்தார். திட்டல. "கும்பிட்டு முடிச்சிட்டீங்களா தம்பி?"னு மட்டும் கேட்டார். போனை உள்ளே வச்சிட்டோம். அதுக்கப்புறம் மத்தியானம் வரைக்கும் யாரும் எடுக்கல.

போனை வச்சதாலதான் கண்ணு திறந்துச்சுன்னு நினைக்கிறோம். அந்த நேரத்துல சுற்றுலாக்காரங்க யாரும் இன்னும் வரல. பள்ளிச் சீருடையில ரெண்டு பிள்ளைங்க பரீட்சைக்கு வேண்டிக்கிட்டு ஓடினாங்க. ஒரு பாட்டி இருமல் மருந்துப் புட்டியில கொஞ்சம் எண்ணெய் கொண்டு வந்து ஒரு சின்ன விளக்குல ஊத்திட்டு, சேலைத் தலைப்புல கையைத் துடைச்சிட்டுப் போனாங்க. தினமும் வர்றாங்கன்னு பார்த்தாலே தெரியுது. விமானத்தை அண்ணாந்துகூடப் பார்க்கல. உலகமே வந்து பார்க்கிற கோயில் அவங்களுக்குத் தெருமுனைக் கோயில். 1987-ல யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. 2004-ல கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் சேர்த்து மூணுக்கும் ஒரே பேரு வச்சாங்க. அந்தப் பேர்ல 'வாழும்' கோயில்கள்னு ஒரு சொல் இருக்கு. எதனால அந்தச் சொல்லுன்னு புட்டிக்கார பாட்டியைப் பார்த்தப்போ புரிஞ்சது.

குருக்கள் எங்களை எந்த ஊருன்னு கேட்டார். மலேசியா, கெடா மாநிலம்னு சொன்னோம். "கடாரமா!"ன்னு சிரிச்சார். வெளியே கல்வெட்டு படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். அவர் எங்களைச் சுவர் ஓரமா கூட்டிட்டுப் போனார். ராஜராஜன் மகன் ராஜேந்திரன் 1025 வாக்குல கப்பல் அனுப்பி வென்ற ஊர்களோட பட்டியல் அங்க இருக்கு. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், நக்கவாரம்னு போய்க் கடைசியில கடாரம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வெட்டின கல்லுல நம்ம ஊர்ப் பேரு. எங்கள்ல ஒருத்தர் கன்னத்துல போட்டுக்கிட்டார். இன்னொருத்தர் "நாமதான் ஜெயிச்சோம்"னு கத்தினார்.

அப்போ பெரியம்மா கேட்டாங்க: "யாருடா ஜெயிச்சது? நாம கடாரத்துக்காரங்கதானே? அப்போ தோத்தது நாமதானே?"

யாருக்கும் பதில் வரல. யோசிச்சுப் பாருங்க. நம்ம தாத்தா பாட்டி சோழன் கப்பல்ல வரல. நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி, கங்காணி சொன்னதை நம்பி, பினாங்குல இறங்கி, பால்மரத்துக்கு வந்தவங்க. அதே நாகப்பட்டினத்துல கடாரத்து அரசன் ஒரு புத்த விகாரம் கட்டினான், அதுக்கு ராஜராஜன் ஆனைமங்கலம்ங்கிற கிராமத்து வருமானத்தை எழுதி வச்சான்னு லெய்டன் செப்பேடு சொல்லுது. சண்டைக்கு முன்னாடி அப்படியும் ஒரு காலம் இருந்திருக்கு. ஜெயிச்ச கதையை மட்டும் பனியன்ல அச்சடிச்சுப் போட்டுக்கிறோம். இதைப் பத்தி இன்னொரு நாள் எழுதறோம்.

எங்களைப் புரட்டிப் போட்டது கடாரக் கல்வெட்டு இல்ல. அதுக்கப்புறம் அவர் படிச்சுக் காட்டினதுதான்.

ராஜராஜன் சொன்னதா ஒரு கல்வெட்டு தொடங்குது. நாம் கொடுத்தது, நம் அக்கா கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது, மற்றவங்க கொடுத்தது எல்லாத்தையும் கல்லில் வெட்டுங்கள்னு அரச ஆணை. ராஜா தன் பேரை மட்டும் போட்டுக்கல. அக்கா குந்தவை கொடுத்த நகை, எடை, முத்து எத்தனை, எல்லாம் இருக்கு. கட்டின தச்சன் பேரு இருக்கு: குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். கோயில்ல ஆடின 400 பெண்களோட பேரு, எந்த ஊர்க் கோயில்லேர்ந்து வந்தாங்க, இங்க எந்தத் தெருவுல எத்தனையாவது வீட்டுல குடியிருந்தாங்கன்னு இருக்கு. ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. தேவாரம் பாட 48 பேரு, கூட வாசிக்க ரெண்டு பேரு. கணக்கு எழுதறவர், குடை பிடிக்கிறவர், விளக்கு ஏத்தறவர், குயவர், சலவைக்காரர், முடி திருத்தறவர், தையற்காரர் எல்லாருக்கும் பங்கு எழுதியிருக்கு.

"தண்ணி தெளிக்கிறவங்களுக்கு?"னு பெரியம்மா கேட்டாங்க. நம்ம கோயில்ல இருபது வருஷமா வாசல் தெளிக்கிறது அவங்கதான். இருக்குன்னு சொன்னார் அவர். பெரியம்மா அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரிஞ்சும் அந்த எழுத்தைப் படிக்க முடியல, அது வேற விஷயம்.

இப்போ விளக்குக் கணக்குக்கு வர்றோம். இது எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா நாங்க பேக்டரியில லைன் பார்க்கிற ஆளுங்க. ஒரு விளக்கு நிற்காம எரியணும்னா ஒரு நாளைக்கு ஒரு உழக்கு நெய் வேணும். அந்த நெய்க்கு 96 ஆடு. ஆடு இல்லன்னா 48 பசு, அதுவும் இல்லன்னா 16 எருமை. அந்த ஆடுகளை வாங்கிக்கிற இடையர் யாரு, அவர் பேரு என்ன, எல்லாம் கல்லுல. சோழர் கல்வெட்டுகள்ல இந்த மாதிரி ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேரு. சாகாத, கிழடு தட்டாத ஆடு. மந்திரம் ஒன்னும் இல்ல. ஒன்னு செத்தா குட்டியில ஒன்னைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாம வச்சிக்கணும்னு ஒப்பந்தம். எங்க பேக்டரியில ஆடிட்காரன் வந்தா கேக்கிறதும் இதுதான்: மெஷின் எவ்வளவு பெருசுன்னு கேக்க மாட்டான். தினமும் எண்ணெய் போடறது யாரு, அவர் லீவு போட்டா அடுத்தவர் யாரு, எழுதி வச்சிருக்கியான்னுதான் கேப்பான். கல்லைத் தூக்கினதைப் பத்தித்தான் நாம பேசிக்கிட்டிருக்கோம். நெய்க்கு ஏற்பாடு பண்ணினதை யாரும் பேசறதில்ல.

நம்ம கோயில்ல என்ன நிலைமை? பண்டாரம் ஐயாவுக்கு வயசாச்சு. தோட்டம் வித்து, லயத்தை உடைச்சு, சனங்க சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் தாமானுக்குப் போயிட்டாங்க. திருவிழா அன்னிக்கு மூவாயிரம் பேர் வர்றோம், கார் நிறுத்த இடம் இல்ல. செவ்வாயும் வெள்ளியும் விளக்கு எரியுது. மத்த அஞ்சு நாள் அம்மன் இருட்டுலதான் இருக்கா. வருஷத்துல இருநூத்தி அறுபது நாள் இருட்டு. ஐந்து நிலை கோபுரம் கட்டினா அந்த இருட்டு போயிடுமா? பெரிய இருட்டா ஆகும்.

"பழைய கோயில் ஒழுகுது, கரையான் அரிக்குது, பிள்ளைங்க வரணும்னா நல்லா இருக்க வேண்டாமா?"ன்னு நிர்வாகம் கேக்குது. நியாயமான கேள்வி. நாங்க நிர்வாகத்தைக் குறை சொல்லல, அவங்க ராப்பகலா உழைக்கிறாங்க. ஒழுகுற கூரையை மாத்தணும். கரையான் அரிச்ச மரத்தை எடுக்கணும். மண்டபம் தேவைன்னா பக்கத்துக் காலி இடத்துல கட்டலாம். ஆனா நடு மூலஸ்தானத்தை இடிக்க வேண்டாம்னுதான் சொல்றோம். பெரிய கோயிலையே பாருங்க. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்துல வந்தது. முருகன் சன்னதியும் பெரிய நந்தியும் நாயக்கர் காலம். பிள்ளையார் சன்னதி மராட்டியர் காலம். ஒவ்வொருத்தரும் பக்கத்துல ஒன்னு கட்டினாங்க. நமக்கு முன்னாடி கட்டினவன் பழைய ஆளு, இடிச்சிட்டுப் பெருசா கட்டுவோம்னு யாரும் இறங்கல. அவங்க கையில இல்லாத காசா, ஆளா?

அங்கேயும் தப்பு நடக்காம இல்ல. கருவறையைச் சுத்தி உள்ளே சோழர் காலத்து ஓவியம் இருக்கு. அதுக்கு மேலயே நாயக்கர் காலத்துல வேற ஓவியம் பூசிட்டாங்க. 1931-ல ஒரு பேராசிரியர் கண்டுபிடிக்கிற வரைக்கும் அடியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியல. இன்னொரு விஷயம், 1997-ல கும்பாபிஷேகத்தப்போ யாகசாலைப் பந்தல்ல தீப்பிடிச்சு நாற்பதுக்கும் மேல பக்தர்கள் இறந்துபோனாங்க. 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி அடுத்த கும்பாபிஷேகம் நடந்தப்போ யாகசாலையைக் கோயிலுக்கு வெளியே போட்டாங்க. பட்டுத் திருந்தினாங்க. நம்ம திருவிழாப் பந்தல்ல எத்தனை தீயணைப்பான் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும், ரெண்டு. அதுல ஒன்னு காலாவதி. இதையும் ஞாயிறு பேசணும்.

அடுத்த நாள் கங்கைகொண்ட சோழபுரம் போனோம். ராஜேந்திரன் கட்டினது. ஐப்பசி பௌர்ணமி, அன்னாபிஷேகம். நூறு மூட்டை அரிசியைச் சோறாக்கி லிங்கம் முழுக்கச் சாத்துறாங்க. 13 அடிக்கு மேல உயரமான லிங்கம் சோத்துல மறைஞ்சு நிக்குது. கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். பிரசாதம் வாங்க ரெண்டு மணி நேரம் நின்னோம், பெரியம்மா உட்காரவே இல்ல. ஆனா அந்தக் கோயிலைச் சுத்திப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு. தலைநகரமா இருந்த ஊரு இப்போ கிராமம். கோபுரமும் சுத்துச் சுவரும் முக்கால்வாசி இல்ல. 1836-ல கொள்ளிடத்துல அணை கட்ட வெள்ளைக்காரன் காலத்துல உடைச்சு எடுத்துட்டுப் போனாங்களாம். அணையும் தேவைதான், வயலுக்குத் தண்ணி வேணும். இடிக்கிறவங்ககிட்ட எப்பவும் ஒரு நல்ல காரணம் இருக்கும்.

திரும்பி வந்ததும் ஒரு ஞாயிறு எல்லாருமா மெர்போக் போனோம். பீடோங்குல இருந்து கொஞ்ச தூரம்தானே, எத்தனை பேர் போயிருக்கோம்? பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துல சண்டி புக்கிட் பத்து பஹாட் இருக்கு. கல் அடித்தளம், மண்டபத் தூண் நின்ன கல்லு, மேல ஒன்னும் இல்ல. 1930-கள்ல குவாரிட்ச் வேல்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர் தோண்டினார், 1960-ல கல்லைச் சேர்த்து அடுக்கி வச்சாங்க. சிவன் கோயிலா இருந்திருக்கலாம்னு சொல்றாங்க. பக்கத்துல ஆத்துல பிள்ளைங்க குளிச்சு விளையாடுது. புல்லு வெட்டி, பலகை வச்சு, சுத்தமா பராமரிக்கிறாங்க. குறை சொல்ல முடியாது. ஆனா பாதுகாக்கிற ஆள் இருந்தும் விளக்கு ஏத்தற ஆள் இல்லன்னா ஒரு கோயில் எப்படி இருக்கும்னு அங்க பார்க்கலாம். எங்க ஆளு ஒருத்தர் சூடம் ஏத்தப் பாக்கெட்டுல கை வச்சார். வேண்டாம்னு தடுத்தோம். அருங்காட்சியகத்துக்கு ஒரு மரியாதை இருக்கு.

2013-ல இதே பூஜாங் பள்ளத்தாக்குல 11-ஆம் எண் சண்டியை நில மேம்பாட்டுக்காக இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்களே, ஞாபகம் இருக்கா? நம்ம எல்லாருமே கொதிச்சோம். இந்தப் பக்கத்துலயே பக்கம் பக்கமா எழுதினோம். மனுவுல கையெழுத்து வாங்கினோம். "ஆயிரம் வருஷச் சின்னத்தை ஒரு நாள்ல அழிச்சிட்டாங்களே"ன்னு கேட்டோம். இப்போ நம்ம தாத்தா பாட்டி ஒரு நாள் கூலியை ஆளாளுக்குப் போட்டு, செங்கல் சுமந்து கட்டின கோயிலை நாமளே கூட்டம் போட்டு, முன்மொழிஞ்சு, வழிமொழிஞ்சு இடிக்கப் போறோம். நமக்கு யாரு மனு கொடுக்கிறது?

கட்டினவங்க பேரு எங்கயாவது இருக்கான்னு தேடினோம். வாசல் பளிங்குப் பலகையில திறந்து வச்ச பெரிய மனுஷர் பேரு, பெரிய நன்கொடை கொடுத்தவங்க பேரு. மின்விசிறி இறக்கையில 'உபயம்'. செங்கல் சுமந்தவங்க பேரு ஒன்னுகூட இல்ல. பழைய மரப்பெட்டியில ஒரு நோட்டுப் புத்தகம் கிடைச்சது, பாதியைக் கரையான் தின்னிருச்சு. மிச்சப் பக்கத்துல கிராணி கையெழுத்துல பேரும் காசும். ரெண்டு வெள்ளி, ஒரு வெள்ளி, ஐம்பது காசு. ஒரு இடத்துல காசுக்குப் பதிலா 'கூரை வேலை 4 நாள்'னு இருக்கு. அந்தப் பேருக்குச் சொந்தக்காரரோட பேரன் எங்களோட தஞ்சாவூருக்கு வந்தவர்தான். பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார். இத்தனை வருஷமா தன் குடும்பத்துக்கும் இந்தக் கோயிலுக்கும் சம்பந்தமே இல்லன்னு நினைச்சிருந்தாராம்.

ஆக ஞாயிறு கூட்டத்துல நாங்க கேக்கப் போறது இதுதான். மூலஸ்தானத்தை இடிக்காம பழுது பார்க்கணும். சேர்ந்திருக்கிற பணத்துல ஒரு பகுதியைத் தினசரி விளக்குக்கும் பூசைக்கும் தனியா வங்கியில போட்டு, அதை எதுக்கும் தொடக்கூடாதுன்னு எழுதணும். நம்ம 96 ஆடு அதுதான். அந்த நோட்டுல மிச்சம் இருக்கிற பேரையும், உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கிற பேரையும் சேர்த்துக் கல்லுல வெட்டணும். காசு கொடுத்தவங்க, கூரை மேய்ஞ்சவங்க, வாசல் தெளிச்சவங்க எல்லாரும் ஒரே சுவர்ல, ஒரே அளவு எழுத்துல. வரிசை கொடுத்த தொகையைப் பார்த்து வேண்டாம், அகர வரிசை போதும். மாத்திக் கட்டணும்னு நினைக்கிறவங்க மேல எங்களுக்குக் கோபம் இல்ல, வந்து பேசுங்க, கேக்கிறோம். தோத்தாலும் கூடவே நின்னு கல்லு தூக்குவோம்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம்னு நாங்களே ஒரு அட்டவணை போட்டிருக்கோம். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ரெண்டு பேர் வந்து விளக்கு ஏத்தணும், அரை மணி நேரம் இருந்து பூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான். எண்ணெய் நாங்க வாங்கி வச்சிட்டோம். செவ்வாய், வெள்ளி வழக்கம்போல பண்டாரம் ஐயா. திங்கள் பெரியம்மாவும் மருமகளும். புதன் ராத்திரி ஷிப்ட் போறதுக்கு முன்னாடி எங்க பேக்டரிப் பையனுங்க ரெண்டு பேர். சனி, ஞாயிறுக்கு ஆள் இருக்கு. வியாழக்கிழமைக்கு இன்னும் யாரும் பேர் கொடுக்கல. கீழே உங்க பேரை எழுதுங்க.